பத்தொன்பதாவது இடம்

பட்டியல் வந்தபோது நெய்ரா அப்பாவின் மளிகைக் கடையில் சலாமி இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சீச்சோவின் ஃபோனில்தான் முதலில் வந்தது. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன் அவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவனுக்கு இந்தக் கடைவாசல்தான். வண்டிமேல் சாய்ந்தபடியே திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"டோன் ஒக்தாவியோ, வந்திருச்சு. புதுப் பட்டியல்."

டோமினோ மேசையில் கட்டைகள் பாதி ஆட்டத்தில் நின்றன. நெய்ராவின் அப்பா ஒக்தாவியோ எழுந்து, சர்ச் பூசையில் அப்பம் வாங்கப் போகிறவரைப்போலக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பக்கத்துச் சலூன் லுலோ, ஒரு ஆளின் பாதி மழித்த தலையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் துண்டோடு ஓடி வந்தான்.

வருடத்துக்கு இரண்டு தரம் அமெரிக்காவில் யாரோ நாலு பேர் கூடி உட்கார்ந்து, நெய்ராவின் அண்ணன் ஆடுகிற பேஸ்பால் அணியின் சின்ன லீக் பையன்களில் முப்பது பேரைப் பொறுக்கி வரிசைப்படுத்துவார்கள். நாற்றங்காலில் நிற்கிற பயிரில் எது நாளைக்குப் பெரிய லீக்கில் விளையும் என்கிற கணக்கு. நிசாவோ ஊரில் அந்த வரிசையை யாரும் அப்படியே ஒப்புக்கொண்டதில்லை. அங்கே ஒன்று எழுதினால் ஒக்தாவியோவின் கடைவாசலில் வேறொன்று முடிவாகும். அரிசி விலை எழுதுகிற கரும்பலகையில், விலைக்குக் கீழே சுண்ணக்கட்டியால் அது ஏறும். அமெரிக்காக்காரர்களின் பட்டியலில் நெய்ராவின் அண்ணன், உள்வட்டத்தில் பந்து தடுக்கிற ஷார்ட்ஸ்டாப் ரைமெலுக்குப் பத்தொன்பதாவது இடம். கரும்பலகையில் அவனுக்கு ஆறு.

நெய்ரா கத்தியைக் கீழே வைத்தாள்.

விடிவதற்கு முன்பே அவளுக்கு அண்ணனின் குரல்பதிவு வந்திருந்தது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். "நெய்ரா, என்னை டீம்ல இருந்து நீக்கிட்டாங்க. தோள் இனிமே சரியாகாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். நான் வர்றதுக்குள்ள அப்பாகிட்ட நீ சொல்லிடு. என்னால முடியல." அதற்குப் பிறகு வேன் கதவு மூடுகிற சத்தம்.

அவளிடம் போய் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் அவள் பதில் சொல்வது ஆசிரியைக்குக் கேட்காது. பாதி நாள் வராதவளாகவே பதிவாகியிருந்தாள். அம்மா சான் ஹுவானுக்கு வீட்டுவேலைக்குப் போனபின் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. படிப்பை விட்டபோது வகுப்பில் யாரும் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

காலையிலிருந்து மூன்று தரம் அப்பாவிடம் போய் நின்றாள். ரொட்டி வந்தது, ஐஸ் வண்டி வந்தது, வாழைக்காய்க்காரன் எடையில் ஏமாற்றப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் "என்னம்மா?" என்றார் அப்பா. ஒவ்வொரு தரமும் அவள் "ஒண்ணுமில்ல" என்று திரும்பினாள்.

"மேல இருந்து படி," என்றார் அப்பா. "மரியாதையா, ஒவ்வொண்ணா."

"ஒண்ணாவது, அதே வெள்ளைக்கார பிட்ச்சர்."

"அவனா? பந்து போகுது நூறு மைல்ல. எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியாது," என்றார் அப்பா.

"பந்தைப் பிடிக்கிறவனோட பொண்டாட்டிதான் பாவம்," என்றான் சீச்சோ. "ரெண்டாவது, வெனிசுவேலாப் பையன்."

"அது சரி. அது நியாயம்."

"எது நியாயம்?" என்றான் லுலோ. "கைல அடி, காலுல அடி. வருஷத்துல பாதி நாள் ஆஸ்பத்திரில கெடக்கான். ரெண்டாவது இடத்தை நர்ஸுக்குக் குடுக்கலாம்."

இப்படியே இறங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை. லுலோவின் அக்கா மகன் யெய்சனும் அதே அணிதான், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்ச்சர். வசந்த காலத்துப் பட்டியலில் அவன் இருபத்திரண்டு. அதனால் பதினைந்துக்குக் கீழே வர வர லுலோவின் கழுத்து நீண்டுகொண்டே போனது. அப்பா மட்டும் அவசரப்படவில்லை. பத்தொன்பதுக்கு மேலேயே எங்கேயாவது மகன் பெயர் வரும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் புருவத்தைத் தூக்கி இறக்கினார்.

"பதினெட்டு, ஒரு ஜப்பான்காரன். பத்தொன்பது..." சீச்சோ நிறுத்தினான். "யெய்சன்."

லுலோ துண்டைக் கழற்றி மேலே வீசினான். "கேட்டியாய்யா? பத்தொம்போது. உன் மகன் நாற்காலில என் மருமகன் உட்கார்ந்துட்டான்."

"இருடா. ரைமெல் எங்க? மேல விட்டுட்டியா சீச்சோ?"

"விடல. கீழ பார்க்கறேன்." விரல் திரையில் ஓடியது. இருபது, இருபத்தைந்து, முப்பது. மறுபடியும் மேலே போய்க் கீழே வந்தது. "இல்ல, டோன் ஒக்தாவியோ. பேரே இல்ல."

இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நெய்ரா கடைமேசையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே இரண்டு அடி வைத்தாள்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

முதலில் மெதுவாகத்தான் சிரித்தார். பிறகு மேசையில் உள்ளங்கையால் அடித்தார். டோமினோ கட்டைகள் குதித்தன. "முட்டாப் பசங்களா. நாத்து பாத்தில இல்லன்னா எங்கடா இருக்கும்? வயல்ல இருக்கும்."

வெங்காய வயல் சூழ்ந்த ஊர் அது. எல்லோருக்கும் புரிந்தது. பெரிய லீக்குக்குப் போய்விட்டவன் பெயர் பட்டியலில் இருக்காது. அவன் இனி நாற்று இல்லை. ஆனால் கருகிப்போன நாற்றையும் பாத்தியில் வைத்திருக்க மாட்டார்கள். அதை யாரும் சொல்லவில்லை.

"பெரிய டீம் ஷார்ட்ஸ்டாப்புக்கு எப்ப விரல் உடைஞ்சது? நேத்து," என்றார் அப்பா. "டி.வி.ல எல்லாரும் பார்த்தோமா இல்லையா? அந்த எடத்துக்கு அடுத்த ஆள் யாரு? என் மகன்."

"மேல போன உடனே பேரை எடுக்க மாட்டாங்கய்யா," என்றான் லுலோ. "நூத்தி முப்பது தடவை மட்டை பிடிக்கணும். அப்புறந்தான் எடுப்பாங்க. சட்டம் இருக்கு."

"அது பழைய சட்டம்."

"எப்ப மாத்தினாங்க?"

"உனக்கு யாரு சொல்லுவா? நீ தலை சிரைக்கிறவன்."

"தோள் ஆப்பரேஷன் ஆனவனை எதுக்கு..."

"ஆறின தோள்டா அது. புதுத் தோள்." அப்பா ஃபோனை எடுத்து மகனை அழைத்தார். அழைப்பு போகவில்லை. அவர் முகம் இன்னும் மலர்ந்தது. ஃபோனை எல்லோருக்கும் காட்டினார். "அணைச்சு வெச்சிருக்கான். இந்நேரத்துல எதுக்கு அணைப்பான்? ஃப்ளைட்டுல இருக்கான்."

அது உண்மைதான், நெய்ராவுக்குத் தெரியும். ஃப்ளைட்டில்தான் இருந்தான்.

"நெய்ரா, பீர் எடு. பெரிய பாட்டிலா. மணப்பொண்ணு மாதிரி வெள்ளைப் பனி போர்த்தி இருக்கணும், ஆமா. எல்லாருக்கும் குடு. காசு வாங்காத."

ஊரில் இலவச பீர் பற்றிய செய்திக்குக் கால் தேவையில்லை. சற்று நேரத்தில் வாசல் நிறைந்தது. யாரோ ஒலிபெருக்கியைப் போட்டார்கள். பாதி மழித்த தலையோடு சலூனில் காத்திருந்த ஆளும் வந்து, "என் தலை?" என்று கேட்டு, கையில் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு அதை மறந்துபோனார். இப்போது விவாதம் வேறு: ரைமெல் மட்டை பிடிப்பது ஏழாவதாகவா, எட்டாவதாகவா.

ஐஸ் எடுக்க அப்பா உள்ளே வந்தபோது நெய்ரா குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று வழியை மறித்தாள்.

"அப்பா."

"நகரும்மா."

"அண்ணனை டீம்ல இருந்து நீக்கிட்டாங்க. காலைல சொன்னான். வீட்டுக்கு வர்றான்."

மெல்லிய குரல்தான். ஆனால் முழுதாக வந்தது, ஒரு சொல்லும் விழாமல். அப்பா அவளைப் பார்த்தார். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய கை எழுந்து, அவள் தோளைத் தொடுவதுபோல வந்து, அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்தது.

"ஐஸ் கம்மியா இருக்கே," என்றார். "இன்னொரு மூட்டை வாங்கி வெச்சிருக்கலாம்ல."

வெளியே போனார். முன்னைவிட உரத்த குரலில், "எட்டாவதா? என் மகனையா? ரெண்டாவதா இறக்கணும்டா அவனை," என்று சொல்வது கேட்டது.

அவருக்குக் கேட்கவில்லையோ என்று நெய்ரா ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. ஆனால் கோப்பைகளை நிரப்பும்போது நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவர் துடைக்கவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு சிந்தினாலும் துணி எடுக்கிறவர்.

அண்ணனுக்கு எழுதலாம் என்று ஃபோனை எடுத்தாள். 'நேராகக் கடைக்கு வராதே, இருட்டியபின் வா' என்று எழுதி அனுப்பினாள். அது போகவில்லை. ஒற்றைக் குறியோடு நின்றது.

சவாரி ஒன்று வந்து சீச்சோ போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது வண்டியின் பின்னால் ரைமெல் உட்கார்ந்திருந்தான். அணியின் பெயர் போட்ட பெரிய பை மடியில் இருந்தது. சீச்சோவின் முகத்தைப் பார்த்தாலே போதும், வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். கூட்டத்தைத் தாண்டி வேறு தெருவில் போயிருக்கலாம். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்கு வேறு தெரு இல்லை.

கூட்டம் கூவியது. யாரோ ரைமெலின் முதுகில், ஆப்பரேஷன் ஆன பக்கமே, ஓங்கித் தட்டினார்கள். அவன் முகம் சுருங்கியது. கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். அவன் கோப்பையைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

அப்பா முந்திக்கொண்டார். "மேல போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு குடுத்தாங்களா? விசா வேலை இருக்கும். அதானே?"

மகனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போடுவதுபோல அதைச் சொன்னார். உட்கார்ந்தால் போதும். இரண்டு நாள் கழித்து வேறொரு பொய் சொல்லிக்கொள்ளலாம்.

ரைமெல் உட்காரவில்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகத் தங்கையைத் தேடினான். "நெய்ரா, நீ சொல்லலையா?"

"சொன்னேன்," என்றாள் நெய்ரா.

பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் அந்தச் சொல் விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் குரல் இத்தனை பேருக்குக் கேட்டதில்லை. வாசலில் நின்ற ஒவ்வொருவரும் ரைமெலைப் பார்க்காமல் ஒக்தாவியோவைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்கள்.

சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

லுலோ போய் ஒலிபெருக்கியை அணைத்தான். பாதித் தலை ஆளின் கையைப் பிடித்து, "வா, உன் தலையை முடிச்சுடலாம்," என்று கூட்டிக்கொண்டு போனான். மற்றவர்கள் கோப்பைகளைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்கள். ஒருவர் காசு எடுத்து வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவரும் வைத்தார். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நெய்ரா நினைத்தாள்.

"வேற டீம் எடுப்பாங்க தம்பி," என்றான் சீச்சோ.

"தோள் வரல சீச்சோ. மட்டையைத் தூக்கினா விரல் மரத்துப் போகுது." ரைமெல் பையைக் கீழே வைத்தான். "எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் கடைசியாச் சொன்னாங்க."

சீச்சோவும் போனான். மேசையில் பாதி ஆடிய டோமினோ கட்டைகள் கிடந்தன. அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நெய்ரா சலாமியை மறுபடி எடுத்தாள். அவர் அவனை ஏதாவது கேட்க வேண்டும், வலிக்கிறதா, சாப்பிட்டாயா, என்று அவள் காத்திருந்தாள்.

"அந்த முப்பதாவது யாரு?" என்றார் அப்பா. "புதுப் பேரா இருக்கே."

"மோந்தெ பிளாத்தா ஊர்ப் பையன். என் ரூம்லதான் இருந்தான்."

"எப்படி?"

"இன்னைக்குக் காலைல என் பையை வேன் வரைக்கும் தூக்கிட்டு வந்தான். பட்டியல் எழுதறவங்க நேத்தே அவனைக் கூப்பிட்டுப் பேசிட்டாங்களாம். 'மன்னிச்சுக்கண்ணே'ன்னான். ஆனா அவன் மூஞ்சி அவன் பேச்சைக் கேக்கல. சிரிப்பு வந்துட்டே இருந்தது. வேன் கெளம்பற வரைக்கும் வாயைக் கையால மூடிட்டு நின்னான்."

"அதைக் கேக்கல. ஆட்டம் எப்படி?"

ரைமெல் யோசித்தான். ஒரு டோமினோ கட்டையை எடுத்து நிறுத்தி வைத்தான். "நல்ல ஆட்டம்ப்பா. இடது பக்கம் போற பந்தை, நான் தொடக்கூட முடியாத பந்தை, எடுக்கறான்."

"அப்ப முப்பது கம்மி."

"கம்மிதான்."

"இருபதுல போடலாமா?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு ஜாஸ்திடா. அடிக்கத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்."

"வளைஞ்சு வர்ற பந்தை?"

"அது கொஞ்சம் தடுமாறுவான்."

"அதான். பதினாறு."

இருட்டும் வரை இருவரும் முப்பது பேரையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும் சண்டை போட்டார்கள். ஆறாம் இடத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கரண்ட் போய், மெழுகுவத்தி ஏற்றியபின்னும் பேச்சு நிற்கவில்லை. நிறுத்தினால் வேறெதையாவது பேச வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை அரிசி விலை ஏறியது. புது விலையோடு பீன்ஸ் விலையும் எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார். பலகையில் இடம் இல்லை; விலைக்குக் கீழே பழைய வரிசை, ஆறாவதாக ரைமெலோடு, அப்படியே இருந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து நெய்ராவின் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டில்களை அடுக்கப் போனார். உள்ளறையில் ரைமெல் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

அவள் ஈரத்துணியை எடுத்தாள். எந்த வரியைத் துடைப்பது என்று அப்பாவிடம் கேட்கவில்லை.