நல்லா இருக்கிறவருக்கு உதவி கிடையாது

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்டான் பெயிண்டர்.

ஃபிட்டர் கட்டிலில் இடது காலை நீட்டியபடி உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் கஷ்டமாதான் இருக்கு. ஆனா சமாளிச்சுக்கலாம்."

"அண்ணே, அந்த 'ஆனா'வை முழுங்குங்க. இந்தச் சமாளிப்புதான் போன மாசம் நம்ம குடியைக் கெடுத்துச்சு."

போன மாதம் நடந்தது அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் மனப்பாடம். வெளிநாட்டில் வேலைக்கு வந்து நொந்துபோனவர்களுக்கு நம்மவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. கடிதத்தை நம்பிப் பணம் கொடுத்து இரண்டு முறை ஏமாந்ததால், உதவி கேட்பவர் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. பெயிண்டர் ஃபிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் உட்காரவைத்தான். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கேங்க, ஒரு குறையும் இல்ல" என்றார் ஃபிட்டர். பத்தொன்பது வருடங்களாக வீட்டுக்குப் போன் பேசிப் பேசி நாக்கில் ஊறிப்போன பதில் அது. நல்லா இருக்கிறவருக்கு எதற்கு உதவி என்று விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் அவர் சாரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அதற்குள் கம்பெனி ஆபீஸுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விசாவும் முடிந்துபோனது. இரண்டாவது ஆபரேஷன் சீக்கிரம் நடக்காவிட்டால் முழங்கால் இனி மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத காலோடு ஃபிட்டர் வேலை பார்க்க முடியுமா? குழாயடியில் குந்தி உட்காராத ஃபிட்டரை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஊரிலிருந்த அரசு ஆஸ்பத்திரி காசில்லாமல் செய்து தருவதாகச் சொல்லி, இன்றிலிருந்து பதின்மூன்றாம் நாளுக்குத் தேதி கொடுத்திருந்தது. மனைவியின் தம்பி ஓடியாடி வாங்கிய தேதி. அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார் ஃபிட்டர். இனி வேண்டியது விசா அபராதத்துக்கும், காலை நீட்டிப் படுத்தபடி போக ஒரே வரிசையில் மூன்று சீட்டுக்கும் பணம். சங்கம் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். இன்று விட்டால் அவ்வளவுதான்.

"அழுதுருங்கண்ணே" என்றான் பெயிண்டர்.

"அழுகை வராதுடா. வேணும்னா தும்முறேன்."

சங்கத்தின் அறை, செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. பெயிண்டர் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் நீட்டிய கால் சுவரில் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நகர்ந்து ஏறினான். படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயில், யாரும் பிரிக்காத கடிதம் போல வெள்ளையாகக் கிடந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஆஸ்பத்திரி நர்ஸான சிஸ்டர்தான் தலைவி. அவருக்கு வலப்பக்கம் பேக்கரிக்காரர். விடியுமுன் எழுகிறவர் என்பதால் எந்தக் கூட்டத்திலும் பாதிக் கண்ணோடுதான் இருப்பார். இடப்பக்கம் இருந்த பெரியவருக்குக் குடைச்சல் என்று பட்டப்பெயர். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்.

"இப்ப எப்படி இருக்கீங்க தம்பி?" என்றார் குடைச்சல்.

பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"கஷ்டமா..." என்று ஆரம்பித்தார் ஃபிட்டர். அந்த வார்த்தை அங்கேயே நின்றது. முகம் தானாகச் சிரித்தது. "பரவாயில்லைங்க. முன்னைக்கு இப்ப தேவலை."

"தேவலையா?" குடைச்சல் பேனாவை மூடினார். "அப்புறம் எதுக்குத் தம்பி இவ்வளவு தூரம்?"

பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயா, இவரு பொய் சொல்றாரு!"

"பொய் சொல்றவருக்கா உதவி கேக்குற?"

அப்போது ஃபிட்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் வெளிறிப்போனார். "வீட்டுக்காரிங்க. எடுக்கலைன்னா பதறிப்போயிருவா. ஒரு நிமிஷம்." விழுந்த அன்று போனும் அடிபட்டதில், அது ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?" என்று அறை முழுக்கக் கேட்டது அவர் மனைவியின் குரல்.

"சைட்லதாம்மா. ஓவர்டைம்."

"லீவு நாள்லயுமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இப்பதான் நாலு மாடி ஏறி இறங்கினேன்."

"வீடியோலயும் மூஞ்சிய மட்டும்தான் காட்டுறீங்க. மூணு மாசமா நீங்க நடந்து நான் பாக்கல. சைட்டுனு சொல்றீங்க, ஒரு சத்தத்தையும் காணோமே? பரீட்சை நடக்கிற ரூம் மாதிரி இருக்கு. நிஜமா எங்க இருக்கீங்க?"

ஃபிட்டர் மேசைக்குப் பின்னால் இருந்த மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டங்!

குடைச்சல் எழுந்து நின்று, மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டால் இரும்பு பீரோவை அடித்துக்கொண்டிருந்தார். டங், டங், டங். சிஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தார். பாதிக் கண்ணை முழுதாகத் திறந்த பேக்கரிக்காரர், வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்: "யோவ் ஃபிட்டர்! பேச்சு போதும், வால்வை மூடுய்யா! தண்ணி ஒழுகுது!"

"ஐயையோ, சூப்பர்வைசர் திட்டுறாரா? வைங்க வைங்க" என்றது போன். "அந்த இரும்பு அடிக்கிறவரை மெதுவா அடிக்கச் சொல்லுங்க, காதே போச்சு."

அழைப்பு நின்றது. குடைச்சல் கையில் பேப்பர் வெயிட்டோடு அப்படியே நின்றார். அவருக்கு மூச்சு இரைத்தது.

"ஐயா..." என்றார் ஃபிட்டர்.

"பேசாதீங்க. வாயைத் திறந்தா 'நல்லா இருக்கேன்'னு சொல்லிருவீங்க." குடைச்சல் உட்கார்ந்தார். "வந்த புதுசுல வேலை போயி ஏழு மாசம் பார்க்குல படுத்துக் கிடந்தேன். ஏசி ரூம், குளிர் தாங்கலைன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினாங்க." அவர் பேனாவைத் திறந்தார். "சிஸ்டர், மூணு சீட்டுதானே? அபராதத்தையும் சேர்த்துக்குங்க. எனக்கு வேற கேள்வி இல்ல."

குடைச்சலுக்குக் கேள்வி இல்லாமல் போனது சங்கத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றார் சிஸ்டர். "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவும், அப்புறம் பக்கத்துல இருக்கவும் வீட்டு ஆள் வேணும். இப்பவே கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க. சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

சாரத்திலிருந்து விழுந்தபோதுகூட ஃபிட்டர் அப்படிப் பயந்திருக்க மாட்டார். அழைத்தார். விழுந்ததைச் சொன்னார், கம்பியைச் சொன்னார், பூட்டிய ஆபீஸைச் சொன்னார், ஊரில் நடக்கவிருக்கும் ஆபரேஷனைச் சொன்னார். 'ஆனா' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. பாதியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அழுகை வந்தது.

பேக்கரிக்காரர் கைகளைப் பிசைந்தார்.

"ஃப்ளைட் எப்ப?" என்றது குரல்.

"டிக்கெட்டுக்குப் பணம் கிடைச்சா வர்ற செவ்வாய்க்கிழமை."

"காலை நீட்டித்தானே வரணும்? கார் பத்தாது. வேன் பிடிச்சுட்டு வர்றேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வாங்க. மத்ததை இங்க வச்சுத் திட்டிக்கிறேன்."

சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். பெயிண்டர் ஃபிட்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையைத் தூக்கிப் போகிறவன் போல இரண்டு மாடியும் கூவிக்கொண்டே இறங்கினான்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில், மூன்று டிக்கெட்டையும் பார்த்த பெண், மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டாள். "மூணு பேரும் நான்தாம்மா" என்றார் ஃபிட்டர். சக்கர நாற்காலி கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனது. அவருடைய நீட்டிய கால், கப்பலின் முனை போல, கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு முன்னால் சென்றது.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், வேலைக்குப் போகும் பஸ்ஸில் பெயிண்டருக்கு ஒரு வீடியோ வந்தது. எடுத்தது அண்ணி. தோட்டத்துக் குழாயடியில் ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, குந்தி உட்கார்ந்தார். முழங்கால் மடங்கியது. பெயிண்டர் பஸ்ஸில் எழுந்து நின்று போட்ட சத்தத்தில், டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.