கதவடியில் வரும் காற்று

காலை ஒன்பது மணிக்கு ஏசி மெக்கானிக் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றோடு மூன்றாம் மாடிக்கு வந்தார். மருத்துவமனை அறைகளின் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர்கள் பழுதாகி நாலு நாளாகிறது. புதியவை வரும்வரை இந்தக் காகிதம்தான் மீட்டர். கதவின் கீழ் இடுக்கில் பிடித்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் அறை தொற்றுநோய்க்காரர்களுடையது. அங்கே அழுத்தம் குறைவு, காகிதம் உள்பக்கமாக இழுபட்டது. கிருமி வெளியே வர வழியில்லை. சரி என்று குறித்துக்கொண்டார்.

கடைசி அறையில் அவருடைய மனைவி. அங்கே எல்லாம் தலைகீழ். எலும்பு மஜ்ஜை சிகிச்சைக்குப் பிறகு அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி பெயருக்குக்கூட இல்லை. ஒரு சாதாரணச் சளி போதும், ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் வடிகட்டிய காற்றை உள்ளே அழுத்தி நிரப்பி, வெளிக்காற்று எட்டிப் பார்க்காதபடி வைத்திருந்தார்கள். எல்லா அறைகளிலும் அலைகிற ஆள் என்பதால் அவருக்கும் அனுமதி இல்லை. கட்டடத்துச் சாவியெல்லாம் இடுப்பில் தொங்க, இந்த ஒரு கதவுக்கு மட்டும் பத்தொன்பது நாளாக அவர் வேற்றாள்.

மண்டியிட்டுக் காகிதத்தை நீட்டினார். வெளிப்பக்கமாகப் படபடக்க வேண்டிய காகிதம் செத்துத் தொங்கியது. விசிறி நின்றுவிட்டதா? எவ்வளவு நேரமாக? அவளைப் போனில் அழைத்தார்.

"மேல காத்து வருதா பாரு! சீக்கிரம் பாரு!"

"எதுக்கு இப்படிப் பதறுறீங்க? நல்லாத்தான் வருது. கதவடியிலதான் எல்லாம் வீணாப் போய்க்கிட்டிருந்துச்சு. துண்டைச் சுருட்டி அடைச்சு வெச்சிருக்கேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருபது வருஷமாக வீட்டில் அவர் பாடிய பாட்டு அது: இடுக்கை அடை, குளிரெல்லாம் ஓடுது. சொன்ன காலத்தில் ஒரு நாளும் காதில் போட்டுக்கொள்ளாதவள், அடைக்கக் கூடாத இடத்தில் வந்து அடைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது நம்ம வீட்டுக்கும்மா. இங்க போகட்டும்னுதான் விட்டிருக்கு. உள்ள அழுத்தம் கூட, வெளிய கம்மி. கூட இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் காத்து கம்மியான பக்கம் ஓடும். அது ஓடுற வரைக்கும் வெளியிலேர்ந்து ஒரு தூசுகூட உன்கிட்ட வராது."



"நீங்களும் வர மாட்டீங்க."

"இன்னும் பத்து நாள்தானே."

டாக்டர் பத்து நாள் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

"துண்டை எடு. கையை நல்லாக் கழுவிட்டு வா."

துண்டு இழுபடும் சத்தம் கேட்டது. அவர் விரல்களில் சில்லென்று காற்று பட்டது. தண்ணீர் ஓடி நின்றது. அப்புறம் அவள் வந்து கதவருகே உட்கார்ந்திருக்க வேண்டும், போனில் வந்த குரல் கதவடியிலும் மெல்லிசாக வந்தது.

"வருதா?"

அவர் போனை அணைத்துவிட்டு, முகக்கவசத்தை இறக்கி, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தார்.

"வருது," என்றார். "பேசிக்கிட்டே இரு."

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், வழியை அடைத்துப் படுத்திருந்தவரைப் பார்த்து நின்றாள். பிறகு சக்கரம் கிறீச்சிடாமல் வண்டியைத் திருப்பி, சுற்று வழியாகப் போனாள்.