கிழக்கே திரும்பாத இருக்கைகள்

நிச்சயதார்த்தத்தை ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை மாதவிக்கும் ஷானுக்கும் உதித்ததுதான். ஆகவே அன்று நடந்த எதற்கும் வேறு யார் மேலும் பழிபோட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

அவள் அப்பா தம்புசாமி, கிள்ளான் பக்கம் டீசல் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷானின் அப்பா வல்லிபுரம், பிரிக்பீல்ட்ஸ்காரர். அதே தடத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். டிரைவர் வீட்டில் பெண் எடுப்பதா என்று முரண்டு பிடித்த வல்லிபுரத்தைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஷானுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. சம்மதித்த பிறகு மண்டபச் சண்டை. பிரிக்பீல்ட்ஸ் என்றார் அவர். பெண் வீடு கிள்ளானில் இருக்கும்போது பிரிக்பீல்ட்ஸ் எதற்கு என்றார் இவர்.

அப்போதுதான் ஷான் காப்பார் சாலையில் அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தான். கொமுட்டர் மின்ரயில் வருவதற்கு முன்பு ஓடிய டீசல் வண்டி ஒன்றை யாரோ வாங்கி, சாலையோரம் தண்டவாளத் துண்டின் மேல் நிறுத்தி, ஏர்கோன் மாட்டி, வாழையிலைச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கிழவனுக்கும் பிடிச்ச ஒரே பொருள் இதுதான் லா," என்றான் ஷான். "உள்ள வந்தா சண்டையே மறந்துடும்."

மாதவியும் நம்பினாள். அன்றைய தேதியைத் தவறவிட்டால் அடுத்த நாள் ஆடி பிறந்துவிடும்; ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அந்த ஒரு மாதத்துக்குள் வல்லிபுரம் மனம் மாற ஏராளமாக நேரம் இருக்கும். அவர் மனைவி குணபூசணியின் கைப்பேசியில் சுபாங் ஜெயாப் பல் டாக்டர் பெண் ஒருத்தியின் படம் இன்னும் அழிக்கப்படாமல் இருப்பது மாதவிக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பற்கள் மிக வரிசையாக இருந்தன என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

முதலில் எல்லாம் தேனாகத்தான் ஓடியது. தம்புசாமி ஏறியதும் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இஞ்சின் இங்கதான், நம்ம காலுக்குக் கீழ. தனியா இஞ்சின் இழுக்கிற வண்டி இல்ல இது. தரைக்கு அடியில ஒளிச்சு வச்சான். அதனாலதான் மேல முழுக்க ஜனம் உட்கார முடிஞ்சது."

"ஓம், அந்த நடுச்சீற்றில இருந்தவன் வெந்து போவான்," என்றார் வல்லிபுரம். "கருவாட்டுக் கூடையோட ஆராவது அதில ஏறிட்டா, அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிற எனக்கே மணக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஒற்றைத் தடத்தில் போக அனுமதியாக மாஸ்டர் டிரைவர் கையில் கொடுக்கும் டோக்கனும், உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வராமல் போனதும், ஒரு வண்டியைக் கழற்றி மற்றொரு வண்டிக்கு மாட்டி ஓட்டியதும், கடைசியில் எந்த வண்டியின் கதவு எந்த வண்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனதும் பேச்சில் வந்தன. குணபூசணிகூடப் புன்னகைத்தாள். ஷான் மாதவியைப் பார்த்துக் கண் சிமிட்டினான். சாப்பாட்டு மேசைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டதால் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு சீர்த்தட்டைக் கையிலேயே ஏந்தி நின்றார்கள்.

குருக்கள் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டி எடுத்தார்.

"ரெண்டு சம்பந்திகளும் கிழக்குப் பார்த்து உட்காருங்கோ."

பெட்டியிலிருந்த அத்தனை இருக்கைகளும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தன.

"அது ஈஸி பாஸ்," என்றான் கடை மேலாளர் யுகேந்திரன். "முதுகுச் சாய்மானத்தைப் பிடிச்சு இந்தப் பக்கம் தள்ளினா சீட்டு திரும்பிக்கும்." ஒரு சாய்மானத்தில் கை வைத்தான்.

"தொடாதே!" என்று தம்புசாமியும் வல்லிபுரமும் ஒரே குரலில் கத்தினார்கள். யுகேந்திரன் சுட்டுக்கொண்டவனைப் போலக் கையை எடுத்தான்.

தம்புசாமி விளக்கினார். இந்த வண்டிக்கு முதுகு கிடையாது. இரண்டு பக்கமும் முகம். இரண்டு முனையிலும் 'கேப்' என்கிற ஓட்டுநர் அறை உண்டு. கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. டிரைவர் வண்டியை இயக்கும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே நடந்து அடுத்த முனைக்குப் போவார். அவர் போன பிறகுதான் இருக்கைகளைத் திருப்ப வேண்டும். டிரைவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்கையைத் திருப்பினால் வண்டி பின்னால் போகிற மாதிரி ஆகும். நல்ல காரியத்தில் பின்னால் போவதா?

"என்ன கதை இது," என்றார் வல்லிபுரம். "வண்டி ஸ்டேஷனுக்குள்ள நிண்டா அது என்ர பொறுப்பு. நான் சொன்னாத்தான் சீற்றைத் திருப்புறது. டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்."

"மாஸ்டர், நான் எப்ப டீ குடிக்கப் போனேன்?"

"எப்ப போகேல்ல?"

மாதவியின் அம்மா பவுனம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, சீட்டு தானே. யார் திருப்பினா என்ன? எருமை மாட்டையா திருப்பப் போறீங்க?"

"உனக்குத் தெரியாது பவுனு. இது சிஸ்டம்."

"நான் உத்தரவு குடுக்காம ஒரு சீற்றும் அசையாது," என்றார் வல்லிபுரம். "அவர் அந்தப் பக்கம் போகாம நான் குடுக்கவும் மாட்டன். முறை முறைதான்."

"நீங்க சொல்லாம நான் ஏன் போகணும்? ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லாம டிரைவர் எடத்த விட்டு நகர்ந்தா மெமோ. நீங்களே எனக்குக் குடுத்திருக்கீங்க."

குருக்கள் மெல்லக் கனைத்தார். "இராகு காலம் வரப்போறது."

குணபூசணி கைப்பையைத் திறந்தாள். கைப்பேசியைத்தான் எடுக்கிறாள் என்று மாதவிக்குத் தோன்றியது. வந்தது கைக்குட்டை. இருந்தாலும் வரிசைப் பற்கள் ஒரு கணம் கண்முன் மின்னி மறைந்தன. இனிமேல் புதுப்பெண் மாதிரித் தலையைக் குனிந்து நிற்பதில் பயனில்லை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"அங்கிள், அப்பா அந்தப் பக்கம் போகட்டும்னு நீங்க சொல்லுங்க. அப்பா, அங்கிள் சொன்னதும் நீங்க போங்க. ரெண்டு பேர் சிஸ்டமும் அதுதானே?"

இருவரும் யோசித்தார்கள். சட்டத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

"டிரைவர், முனை மாறலாம்," என்றார் வல்லிபுரம், கழுத்தை நிமிர்த்தி.

தம்புசாமி தட்டைப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டு, இல்லாத கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி பெட்டி நீளத்துக்கும் நடந்தார். கிழக்கு முனை அறையின் கதவில் 'தண்டாஸ்' என்று எழுதியிருந்தது. கடைக்காரர்கள் ஓட்டுநர் அறையைக் கழிவறை ஆக்கியிருந்தார்கள். தம்புசாமியின் முகம் போன போக்கைப் பார்த்து மாதவிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கதவைத் தட்டினார்.

"ஆள் இருக்கு!" என்றது உள்ளிருந்து குணபூசணியின் தம்பி திருச்செல்வத்தின் குரல்.

"சீக்கிரம் வாங்க சார். கேப் மாத்தணும்."

"என்னத்தை மாத்தணும்?"

"மாமா, வெளியே வாங்கோ!" என்று ஷான் அலறினான். திருச்செல்வம் வேட்டியை முடிந்தபடி வெளியே வந்தார். தம்புசாமி தலை நிமிர்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு தண்ணீர் கொட்டும் பெருஞ்சத்தம். வெளியே வந்தார்.

"கேப் மாத்தியாச்சு மாஸ்டர்."

"ஹோர்ன் அடிக்கேல்லையே."

"ஃப்ளஷ் அடிச்சாரே, கேக்கலையா?" என்றாள் பவுனம்மாள். "அதுக்கு மேல அந்த ரூம்புல அடிக்க ஒண்ணும் இல்ல. சீக்கிரம் உத்தரவு குடுங்க சம்பந்தி." கணவர் வந்ததும் தட்டை அவர் கையிலேயே திணித்தாள்.

வல்லிபுரம் அக்கம்பக்கம் பார்த்தார். பச்சைக் கொடி இல்லை. தன் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைப் பிடித்து, கை நீட்டி அசைத்தார்.

பெட்டி முழுக்கச் சாய்மானங்கள் 'தடால் தடால்' என்று புரண்டன. உறவினர்கள் எழுந்தும் குனிந்தும் ஒருவர் காலை ஒருவர் மிதித்தும் கிழக்கே திரும்பினார்கள். எல்லா இருக்கையும் திரும்பிவிட்டது, முன்வரிசை இருக்கைகள் இரண்டைத் தவிர. சம்பந்திகளுக்கென்று ஒதுக்கிய அவை இரண்டும் பெயின்ட் பூசி இறுகிப்போயிருந்தன.

யுகேந்திரன் ஓடிவந்தான். "விடுடா, என் வண்டி," என்றார் தம்புசாமி. தன் இருக்கையின் இரும்புப் பிடியை ஒரு கையால் இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையும் வேண்டும்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம் இதப் பிடிங்க," என்று தட்டை நடைபாதைக்கு அந்தப் பக்கம் நின்ற வல்லிபுரத்தின் வலக்கையில் வைத்தார். முக்கி இழுத்தார். 'தடால்.' திரும்பியது.

"இனி என்ர முறை. இதைப் பிடியும்," என்று வல்லிபுரம் தன் இடக்கையிலிருந்த தட்டை அவரிடம் நீட்டினார். தம்புசாமி வாங்கிக்கொண்டார். தன் வலக்கையில் இருந்ததை வல்லிபுரம் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, இருக்கையின் மேல் தன் முழு எடையையும் போட்டார். அதுவும் திரும்பியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு இருவரும் கிழக்குப் பார்த்துப் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

குருக்கள் அவசர அவசரமாக மந்திரம் சொல்லி இரண்டு பக்கமும் அட்சதை போட்டார்.

"ஆச்சு. நிச்சயம் ஆயிடுத்து."

"என்ன ஆச்சு? இன்னும் தட்டே மாத்தலையே," என்றார் தம்புசாமி. தன் மடியைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு. அதன் மேல் வெற்றிலை ஒன்று குறைந்திருந்தது. வல்லிபுரம் திரும்பி மனைவியின் மடியைப் பார்த்தார். பெண் வீட்டுத் தட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இது சரிவராது," என்று எழப்போனார் வல்லிபுரம். "இப்படிக் கவனமில்லாமக் கை மாறினதெல்லாம் கணக்கில்லை. திரும்பத் தாரும், முறைப்படி..."

"இஞ்சாருங்கோ," என்றாள் குணபூசணி. அன்று அவள் வாய் திறந்தது அப்போதுதான். அவர் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். "ஒருக்கா டிரைவரிட்ட டோக்கனைக் குடுத்திட்டு, பிறகு திருப்பித் தா எண்டு கேட்டிருக்கிறியளோ நீங்கள்?"

வல்லிபுரம் மெல்ல மீண்டும் இருக்கையில் அமர்ந்தார்.

"டோக்கன் கைக்கு வந்தா அடுத்த ஸ்டேஷன்லதான் திருப்பிக் கொடுக்கணும் மாஸ்டர்," என்றார் தம்புசாமி, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "இல்லேன்னா மெமோ."

குணபூசணி கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். மாதவி எட்டிப் பார்த்தாள். குணபூசணி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு ஒரு படத்தைத் தேடி எடுத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி அழித்தாள். பிறகு கைப்பேசியை மாதவியின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"சிரி பிள்ளை," என்றாள். "பல்லுத் தெரிய."