உதட்டின் வலது ஓரம்

ஒரு முகத்தை நேராக்க ஸ்ரீமதிக்கு நாற்பது விநாடி போதும். சிதம்பரம் மேல வீதியில் அவள் நடத்தும் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் யாரும், என் உதடு கோணல், சரி பண்ணுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கக்கா" என்பார்கள். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். புருவ மத்தியிலிருந்து முகவாய் வரைக்கும் திரையில் ஒரு கோடு இழுப்பாள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற முகத்தைப் பதினொரு வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. அண்ணாமலை நகரிலிருந்து சர்டிபிகேட் போட்டோவுக்கு வரும் பிள்ளைகளானாலும் சரி, அறுபதாம் கல்யாணப் படத்துக்கு வரும் கோயில் தெருப் பெரியவர்களானாலும் சரி, உதடு ஒரு பக்கம் ஏறியிருக்கும், ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஏறினதை இறக்கி, இறங்கினதை ஏற்றிக் கொடுத்துவிடுவாள். வாங்கிப் போகிறவர்களுக்கு சந்தோஷம். இதில் என்ன தப்பு என்றுதான் அந்தப் புதன்கிழமை வரை நினைத்திருந்தாள்.

அவள் அதிகமாக நேராக்கிய முகம் அவள் கணவன் செந்தமிழ்செல்வனுடையது. அவன் மனை விற்கிறவன். சின்ன வயதில் அண்ணாகிராமத்தில் பம்புசெட் தொட்டியில் விழுந்து மேலுதடு கிழிந்துவிட்டது. யாரோ அவசரத்தில் போட்ட தையல் இடது பக்க உதட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதனால் வலது ஓரம் எப்போதும் கொஞ்சம் தொங்கினாற்போலத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, அவனுக்கோ அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு விருந்து வீட்டில் ஸ்ரீமதி விளையாட்டாகக் 'கோணவாய்க்காரர்' என்று சொல்லப்போக, மனுஷன் இரண்டு நாள் பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அன்றோடு அந்த வீட்டில் உதட்டைப் பற்றிய பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, அவள் கை நிற்கவில்லை. அவன் படம் போட்ட ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் பேனரிலும், நோட்டீஸிலும் அந்த வாயை நேராக்கினாள். அன்பினால்தான் செய்தாள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பத்து வருஷம் அந்தப் படங்களையே பார்த்துப் பார்த்து அவனுக்குப் படம்தான் சரி, முகம்தான் தப்பு என்று ஆகிவிட்டது.

"மனை பாக்க வர்றவன் பேனரைப் பாக்குறான், அப்புறம் என்னைப் பாக்குறான். மறுபடி பேனரைப் பாக்குறான். எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு" என்றான் போன வாரம். மேல்பட்டாம்பாக்கத்தில் புது லேஅவுட்டுக்கு வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் உதட்டைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உதட்டுக்கு ஊசி போட்டு மட்டம் செய்கிற தோல் டாக்டர் ஒருத்தர் இருப்பதாக யாரோ சொல்லி, அவனே போன் போட்டான். பிரீதா என்ற அந்த டாக்டர் ஸ்பீக்கரில் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உதடு ஏறி இறங்கி இருக்கறதுக்குப் பல காரணம் இருக்கும் சார். தழும்பா இருக்கலாம், பல்வரிசையா இருக்கலாம், தசையா இருக்கலாம், நரம்பாகூட இருக்கலாம். என்ன காரணம்னு தெரியாம நான் ஊசி எடுக்க மாட்டேன். நேர்ல வாங்க, பாக்கலாம்."

அத்தனையில் அவன் காதில் விழுந்தது 'வாங்க' மட்டும்தான்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் காபி குடிக்கும்போது அவன் வாயின் வலது ஓரத்திலிருந்து காபி வழிந்து சட்டையில் இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்ரீமதிதான் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"தூக்கம் சரியா இல்லீங்களா?"

"லேஅவுட் டென்ஷன்" என்றான். அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே கொஞ்சம் குழைந்து வந்தது.

ஒன்பது நாற்பதுக்கு ஸ்டுடியோவில் பேனருக்காக அவனை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள். கணினியில் படத்தைத் திறந்து கோட்டை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வழக்கமாக வலது ஓரத்தை எவ்வளவு தூக்க வேண்டும் என்பது அவள் விரலுக்கே தெரியும். இன்று அந்த அளவு போதவில்லை. ஓரம் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துக் கன்னமே கீழே இறங்கியிருந்தது. மூக்கிலிருந்து வாய்க்கு வரும் மடிப்பைக் காணோம். திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடிமுன் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தான்.

சொல்லியிருக்க வேண்டும். 'ஏங்க, உங்க வாய் இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு' என்ற ஒரு வரி. அது நாக்கு நுனி வரை வந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அதே உதட்டுக்காகக் கடலூர் கிளம்புகிற நேரத்தில், அதைச் சொன்னால் வீடு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். எப்படியும் டாக்டரிடம்தானே போகிறோம், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். கை வேலையைச் செய்தது. வலது ஓரத்தை வழக்கத்தைவிட மூன்று மடங்கு தூக்கினாள். கன்னத்தை நிரப்பினாள். இல்லாத மடிப்பை இடது பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினாள். ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் படத்தை அவனுக்கும் அவன் தம்பி கொளஞ்சியப்பனுக்கும் அனுப்பிவைத்தாள். பேனர் அடிக்கிற வேலை கொளஞ்சியப்பனுடையது.

"அண்ணி, சூப்பர். அண்ணே ஹீரோ மாதிரி கீறாரு" என்று உடனே பதில் வந்தது.

கொளஞ்சியப்பனும் வந்து சேர, மூன்று பேருமாகக் காரில் கடலூருக்குக் கிளம்பினார்கள். செந்தமிழ்செல்வன்தான் ஓட்டினான். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. புதுச்சத்திரத்துக்கு முன்னால் வண்டி மெதுவாக, யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, சாலையின் இடது ஓரத்துக்குப் போக ஆரம்பித்தது.

"ஏங்க! ஏங்க!"

கரண்ட் கம்பத்தில் உரசிப் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. வண்டி நின்றது. அவனுடைய வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. அவன் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கை மரத்துப் போச்சு. ராத்திரி அதும் மேல படுத்துட்டேன் போல" என்றான்.

"நீ இந்தப் பக்கம் வாண்ணே, நான் ஓட்டுறேன்" என்று கொளஞ்சியப்பன் இடம் மாறினான். ஆலப்பாக்கத்தில் டீக்கடை பார்த்து நிறுத்தினார்கள். செந்தமிழ்செல்வன் ஜன்னலை இறக்கி, கடைக்காரரைப் பார்த்துத் தெளிவாக, "மூணு செங்கல்லு குடுங்க" என்றான்.

கொளஞ்சியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "லேஅவுட் உனக்குத் தலைக்கே ஏறிப்போச்சுண்ணே!" கடைக்காரரும் சிரித்தார். செந்தமிழ்செல்வனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒரு பாதியில் மட்டும்தான் வந்தது. பின்சீட்டிலிருந்த ஸ்ரீமதி அதைக் கார்க் கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொளஞ்சி, டீ வேணாம். சீக்கிரம் போ" என்றாள்.

டாக்டர் பிரீதாவுக்கு முப்பது வயதுக்குமேல் இராது. பன்னிரண்டு மணிக்கு இவர்கள் உள்ளே போனபோது எதையோ எழுதிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கிச் செந்தமிழ்செல்வனின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"சார், பல்லைக் காட்டுங்க. ம். புருவத்தை ஏத்துங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக் கண்ணை மூடுங்க."

இடது கை நீட்டியபடியே நின்றது. வலது கை தானாகக் கீழே இறங்கியது.

"தழும்பு எந்தப் பக்கம்?" என்று ஸ்ரீமதியிடம் கேட்டார்.

"இடது பக்கம் டாக்டர்."

"தழும்பு இழுக்கிறது இடது பக்கம். விழுந்திருக்கிறது வலது பக்கம். இது பழைய கோணல் இல்லம்மா, வேற. பக்கவாதம் மாதிரித் தெரியுது. என் வேலையே இல்ல இது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன், ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க."

செந்தமிழ்செல்வன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தேவசகாயம் என்ற டாக்டர் இருந்தார். நரைத்த தாடி, நிதானமான குரல். தலைக்கு ஸ்கேன் எடுத்து முடித்தபோது மணி ஒன்று. அவர் ஸ்ரீமதியையும் கொளஞ்சியப்பனையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. ரத்தக்கசிவு இல்ல, அது வரைக்கும் நல்லது. அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாயிடலாம். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவரு கடைசியா நல்லா இருந்ததை யாரு பாத்தீங்க, எத்தனை மணிக்கு?"

ஸ்ரீமதி வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியப்பன் போனை நீட்டிவிட்டான்.

"ஒம்போது நாப்பது சார்! எங்க அண்ணி எடுத்த போட்டோ, கீழயே நேரம் போட்டுருக்கு. பாருங்க, ஜம்முனு கீறாரு."

டாக்டர் போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உதட்டைப் பார்த்தார். கன்னத்து மடிப்பைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"ரொம்ப நேரா இருக்கு. நல்ல வேளை, படம் வச்சிருந்தீங்க. மூணு மணி நேரம் இருபது நிமிஷம்தான் ஆகுது." நர்ஸ் பக்கம் திரும்பினார். "மருந்தை எடுங்க. எடை என்ன பாருங்க."

கொளஞ்சியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணி, தப்பிச்சோம் அண்ணி" என்று அழுதான்.

அந்த ஒரு நிமிஷம் ஸ்ரீமதி பேசாமல்தான் நின்றாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கப்போவதில்லை. ஊசி வேலை செய்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, ஒன்பது நாற்பதுக்கு அவள் பார்த்தது அவளோடு போய்விடும். வாயைத் திறந்தால் ஊசி நின்றுவிடும், அண்ணாகிராமம் முழுக்கத் தெரிந்துவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்குத் தெரிந்துவிடும். நர்ஸ் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகிக் கழற்றினாள். உயிருக்கே ஆபத்தாயிடலாம் என்று டாக்டர் சொன்னது ஸ்ரீமதியின் காதிலேயே நின்றது.

"டாக்டர், போடாதீங்க! அந்தப் படம் நெசம் இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணது அது. உதட்டைத் தூக்கி வச்சேன். கன்னத்தையும் சரி பண்ணேன். ஒம்போது நாப்பதுக்கே அவருக்கு அந்தப் பக்கம் விழுந்துருந்துச்சு."

டாக்டர் நர்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "அதுக்கு முன்னாடி?"

"ஆறரை மணிக்குக் காபி வழிஞ்சுது. பேச்சும் கொழகொழன்னு இருந்துச்சு."

"நேத்து ராத்திரி?"

"பத்து மணி வரைக்கும் போன்ல நல்லா பேசுனாரு. அப்புறம் படுத்துட்டாரு."

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்ப பதினஞ்சு மணி நேரம்கூட ஆயிருக்கலாம். ஊசி வேணாம், எடுத்து வைங்க." பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார். "சொன்னது நல்லதும்மா. பாண்டிச்சேரில குழாய் விட்டு அடைப்பை எடுக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அவுங்க இன்னொரு ஸ்கேன் பாத்துத்தான் சொல்லுவாங்க, எடுக்க முடியுமா, எவ்வளவு மூளை மிச்சம் இருக்குன்னு. நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"காலைல ஆறரைக்கே கூட்டிட்டு வந்துருந்தா சார்?" என்று கொளஞ்சியப்பன் கேட்டான்.

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்தான். பத்து வருஷமாக அண்ணி அண்ணி என்று சுற்றி வந்தவன். கண்ணீர் அப்படியே நின்றிருந்தது.

"ஒம்போது நாப்பதுக்கே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுப் படத்தைச் சரி பண்ணீங்களா?"

"ஆமா கொளஞ்சி."

அவன் வாசல் பக்கம் திரும்பி நடந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் ஏறிக்கொண்டான். அவளைக் கூப்பிடவும் இல்லை.

பின்னால் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, கூட வந்த நர்ஸ் சொன்னாள்: "முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீங்கக்கா. இன்னும் கீழ இறங்குனாலோ, கண்ணு சொருகுனாலோ உடனே சொல்லுங்க."

செந்தமிழ்செல்வன் விழித்துத்தான் இருந்தான். உள்ளே நடந்த பேச்சில் எவ்வளவு அவனுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. வண்டி கிளம்பிச் சைரன் போட்டதும் அவன் கண் அவளைத் தேடிப் பிடித்தது. நன்றாக இருந்த இடது கையை மெல்லத் தூக்கி, அவள் பார்க்காதபடி வாயை மூடிக்கொண்டான்.

அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். அவன் மறுபடி மூடினான். "பாக்கணுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று கெஞ்சினாள். கையை விலக்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.