ஒன்று முதல் நூற்றிருபது வரை

"பதினோரு வரி எழுதி அதுல ஒரே ஒரு வரிதான் வேலை செய்யுதுன்னா, மத்த பத்தும் எதுக்கு அண்ணி, கூட நின்னு கைதட்டவா..."

"அந்தப் பத்து வரிதான்டா நீ தப்புப் பண்ணும்போது கையப் பிடிச்சு நிறுத்துது. உன் பைத்தான்..."

"என் பைத்தான் மனுஷனை நம்புது."

"நம்பும், நம்பும். நம்பிட்டு நாலு பேர் முன்னாடி போய் நின்னப்புறம் தொப்புன்னு விழும். என் ஜாவா வீட்டை விட்டுக் கிளம்புறப்பவே சட்டை கிழிஞ்சிருக்குன்னு சொல்லிடும்."

"கிளம்பவே விடாதுன்னு சொல்லுங்க."

அண்ணி விசைப்பலகையைத் தட்டினாள். தேவைக்கு அதிகமான சத்தத்தோடு தட்டினாள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மூன்று மேசை, மூன்று கணினி, வயர்களின் மேல் கால் வைக்காமல் நடக்கப் பழகிய மூன்று பேர். அவள், அவள் கணவன், கணவனின் தம்பி. வீட்டில் அண்ணன் பெரியவன், தம்பி சின்னவன். அவளோ வாடிக்கையாளர்களுக்குக்கூட அண்ணிதான்.

சண்டை இரண்டு மாதமாக நடக்கிறது. மூன்று தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணி தனியொருத்தியாக உட்கார்ந்து அதற்கு ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். பெயர் பதிவது, சோதனைக் குழாயில் ஒட்டும் சீட்டு அடிப்பது, ரிப்போர்ட் எடுப்பது எல்லாம் அதில்தான். இப்போது நிலையத்துக்கு இன்னும் இரண்டு கிளைகள் வரப்போகின்றன. பழையதை வளர்த்துக் கொள்ளலாம் என்பது அண்ணி கட்சி. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு பைத்தானில் எழுதி, எந்த ஊரிலிருந்தும் ப்ரௌசரில் திறக்கிற மாதிரி செய்யலாம் என்பது சின்னவன் கட்சி. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது அவனுக்கு.

ஆளுக்கொரு மாதிரிப் பதிப்பு தயார். இன்று பத்து மணிக்கு நிலையத்தின் முன்மேசையில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா எது வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவன் பக்கம் சொல்லிவிட்டால் எட்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. ஐம்பத்திரண்டு வயதில், தன் கல்யாணத்தன்று மூக்கொழுகிக்கொண்டு நின்ற இவனிடம் அரிச்சுவடியிலிருந்து பாடம் கேட்க வேண்டும்.

சின்னவன் ஒரு தாளைத் தள்ளினான். "இதைப் பாருங்க. ரெண்டையும் ஒப்பிட்டு மார்க் போட்டிருக்கேன். நியாயமா. ஓடுற வேகத்துல உங்களுக்குத்தான் அதிகம் போட்டிருக்கேன்."

அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "இதென்ன, கடைசி வரி? எதிர்காலம். எனக்கு மூணு, உனக்குப் பத்து."

"அது வந்து..."

"எதிர்காலத்துக்கு மார்க் போட நீ யாருடா? ஜோசியம் எப்பப் படிச்ச?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்."

தொலைபேசியும் வாடிக்கையாளர் வீடும் பெரியவன் இலாகா. எங்கே எது நின்றாலும் அவன்தான் போவான். நல்ல வார்த்தை பேசி, டீ குடித்துவிட்டு வருவான். அவன் பையை மூடிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

"இருபத்தாறு வருஷமா இந்த ஒரு வாக்கியத்தை வச்சே குடித்தனம் நடத்திட்டாரு உங்க அண்ணன்."

"அதுல மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி அண்ணி," என்றான் சின்னவன்.

பரிசோதனை நிலையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையே பழசாகியிருந்தது. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சட்டைக்கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஆட்கள். முன்மேசையில் இருந்தவளை அங்கே எல்லோரும் அக்கா என்றார்கள். அவள் வலது கை விசைப்பலகையில் ஓடியது. இடது கை குழாய்களை வாங்கி, சீட்டை உரித்து ஒட்டி, கட்டையில் சொருகியது. கண் இரண்டையும் பார்க்கவில்லை. வந்தவர் முகத்தைத்தான் பார்த்தது. அந்தக் கையைப் பார்க்க அண்ணிக்குப் பிடித்திருந்தது. எட்டு வருஷத்தில் தான் இங்கே நேரில் வந்தது இது மூன்றாவது தடவையோ நான்காவதோ என்று யோசித்தாள்.

முதலில் சின்னவனுடையதைத் திறந்தார்கள். வெள்ளை வெளேர் என்று, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"அழகா இருக்கு தம்பி," என்றாள் அக்கா. "மவுஸைத் தொடணுமா? என் இன்னொரு கையில ரத்தம் இருக்கே."

"தொட வேண்டாம்க்கா. டேப் கீயை அழுத்துங்க, தானா அடுத்த கட்டத்துக்குப் போகும்."

போயிற்று. நடுவில் ஒரு தடவை இணையம் நின்று, ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி கூரையைப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது, சின்னவனின் காது சிவந்தது.

பிறகு அவளுடையது. அக்காவின் விரல்கள் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இறங்கின. நாலு பேர் பெயர் நாலு மூச்சில் ஏறிற்று. ஜெயித்துவிட்டோம் என்று அண்ணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் சிரமமாக இருந்தது.

அப்போது ஒரு பெண் துண்டில் சுற்றிய குழந்தையோடு மேசைக்கு வந்தாள்.

"பொறந்து எத்தனை நாள்மா?" என்றாள் அக்கா.

"ஒன்பது."

வயது என்ற கட்டத்தில் அக்கா ஒன்று என்று தட்டினாள். சீட்டு வந்தது. மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, சீட்டின் ஓரத்தில் '9 நாள்' என்று எழுதினாள். மூச்சு விடுவது போல இயல்பாகச் செய்தாள்.

"ஒன்பது நாள்னுதானே சொன்னாங்க," என்றாள் அண்ணி. "நீங்க ஒண்ணுன்னு போட்டீங்க. ஒரு வயசு ஆயிடுமே."

"அது ஒண்ணுக்குக் கீழ ஏத்துக்காது அண்ணி. சைபர் போட்டா சிவப்பா திட்டும்." அக்கா சைபர் தட்டிக் காட்டினாள். திரையில் வந்தது: வயது 1 முதல் 120 வரை இருக்க வேண்டும். அண்ணி எழுதிய வாக்கியம்தான். அன்றைக்கு அதை எழுதியபோது நூற்றிருபதைப் பற்றி அரைமணி நேரம் யோசித்தது நினைவிருந்தது. ஒன்றைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

"அப்ப ரிப்போர்ட்ல, இயல்பான அளவு..."

"ஒரு வயசுக் குழந்தைக்கு உள்ளதுதான் வரும். உள்ள டெக்னீஷியன் இந்தச் சிவப்பைப் பாத்து, அதை அடிச்சிட்டு, பச்சைக்குழந்தைக்கு உள்ளதைக் கையால எழுதுவார். போன வாரம் ஒண்ணு கை தவறிடுச்சு. மூணு நாள் குழந்தை. ரத்தத்துல மஞ்சக்காமாலை அளவு எக்கச்சக்கம்னு தடிச்ச எழுத்துல போயிடுச்சு. அதோட அம்மா பிரசவத்துல போட்ட தையலோட மூணு மாடி ஏறி வந்து நின்னா. அந்த அளவு அந்த வயசுக்குச் சரிதாம்மான்னு சொன்னா நம்பவே இல்ல. அச்சுல இருக்கே, அச்சுல இருக்கேன்னு அழுதா." அக்கா சின்னவனுடைய திரைக்கு மாறினாள். "தம்பியோடதுல சரியாயிருக்கும்."

சைபர் போட்டாள். வெள்ளைத் திரையில் அழகான சிவப்புப் பட்டையில் வந்தது. வயது 1 முதல் 120 வரை இருக்க வேண்டும்.

சின்னவன்தான் முதலில் தொண்டையைக் கனைத்தான். "விதிகளை எல்லாம் உங்க பழைய புரோகிராம்லேர்ந்து அப்படியே எடுத்துக்கிட்டேன் அண்ணி. நீங்க யோசிச்சுதான் போட்டிருப்பீங்கன்னு நம்பிட்டேன்."

"ரெண்டு வருஷத்துல என்னை ஒரு தடவை நம்பியிருக்க. அதுக்கு இந்த இடம்தான் கிடைச்சுதா?"

"நான் உங்க வீட்டு சார்கிட்டச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அக்கா, அடுத்த குழாயை வாங்கியபடி. "மூணு வருஷமாச் சொல்றேன். பாவம், வர்றப்ப எல்லாம் சொல்லிடறேன் சொல்லிடறேன்னுட்டுப் போவார்."

பெரியவன் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று, நிரம்பிவிட்ட டம்ளரில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது சின்னவன் மார்க் தாளை நீட்டினான். அவர் வாங்கவில்லை. அக்கா சொன்னதைத்தான் நின்று கேட்டார்.

"எந்த மொழியில எழுதுறதுன்னு நீங்க வீட்ல உக்காந்து சீட்டுக் குலுக்கிக்கங்க. வியாழக்கிழமைக்குள்ள பச்சைக்குழந்தை வயசு நாள் கணக்குல ஏறணும். ஏறலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். புதுக் கிளை விஷயத்தை அப்புறம் பேசலாம்." கதவு சாத்திக்கொண்டது.

மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

"பைத்தான்ல இது ஒரே எழுத்து அண்ணி," என்றான் சின்னவன் முதல் திருப்பத்தில். "ஒண்ணை எடுத்துட்டு சைபர்..."

"ஜாவாலயும் ஒரே எழுத்துதான்டா. மாத்திட்டா? ஒன்பது நாளும் சைபர், பதினோரு மாசமும் சைபர். ரெண்டும் ஒண்ணா? கட்டத்தையே மாத்தணும். வருஷம், மாசம், நாள். ரிப்போர்ட்ல அளவு எடுக்கிற இடமெல்லாம் மாறணும். எட்டு வருஷமா உள்ள கிடக்கிற ஒரு வயசுப் பிள்ளைங்கள்ல யார் நிஜமாவே ஒரு வயசுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப? உன் மொழி சொல்லுமா, என் மொழி சொல்லுமா?"

சின்னவன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுக்கிற சாக்கில் முன்னால் இறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் கீழே தேய்ந்தது. பெரியவன் இரண்டு படி பின்தங்கியே வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். அவனும் நிற்க வேண்டியதாயிற்று.

"சொல்லத்தான் வந்தேன்," என்றான். "நீ எதையாவது எழுதிட்டு இருப்ப. நடுவுல பேசினா எரிஞ்சு விழுவ. சரி, சாயந்தரம் சொல்லிக்கலாம்னு நினைப்பேன். சின்ன விஷயம்னுதான்..."

மேலே எங்கோ ஊசிக்குப் பயந்த குழந்தை ஒன்று வீறிட்டது. அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். கத்தினால் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் 'எரிஞ்சு விழுவ' என்ற சொல் குறுக்கே நின்றது. படியிலேயே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதத் தாள் இல்லாமல் மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பி முட்டிமேல் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்னென்ன அவங்க கேட்டு, நீங்க எனக்குச் சொல்லாம வச்சிருக்கீங்க? முதல் வருஷத்துலேர்ந்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."