டேரினின் வின்ச்

கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் ஒரு மின்சார வின்ச் வாங்க இவ்வளவு யோசனை எதற்கு என்று வெர்லின் ஹாக்ஸ்டாடை அவர் மனைவி ஆர்டெல் தினமும் கேலி செய்தாள்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சியா நீ?"

"விசாரிச்சிருந்தா கட்டியிருப்பேனா?"

கேலிக்குப் பின்னால் இருந்த காரணம் இருவருக்கும் தெரியும். விஸ்கான்சின் குன்றுகளுக்கு நடுவே, ஓடைக்கரையில் இருந்தது அவர்கள் பண்ணை. பனி உருகும் காலத்தில் தொழுவத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் ஆடுகளுக்கான தீவன மூட்டைகளைக் களஞ்சியத்தின் மேல்தளத்தில்தான் அடுக்குவார்கள். வெர்லின்தான் தோளில் போட்டு ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கோடையில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஆர்டெல் அரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியின் நடுவில் நின்று, நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தார். அவளுக்கு இதயம் பலவீனம். அன்றே மூட்டை ஏற்றும் மேடை ஒன்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பலகை மேடை ஒன்று. அது நேராக ஏறி இறங்க நான்கு மூலையிலும் குழாய்க் கம்பிகள். எல்லாம் முடிந்து வின்ச் மட்டும்தான் பாக்கி. வெர்லின் ஒவ்வொன்றின் விளக்கப் புத்தகத்தையும் வேதம் படிப்பதுபோல் படித்தார். வின்ச்சில் இரண்டு சாதி. லாரி முகப்பில் மாட்டி, சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பது ஒன்று. சுமையை அந்தரத்தில் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. இழுப்பது பார்க்கப் பூதம்போல் இருக்கும், ஐந்து டன் இழுப்பேன் என்று மார்தட்டும். ஆனால் அதன் பிரேக், கம்பிவடம் சுற்றும் உருளைக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு இறக்கி இறக்கி அது சூடேறினால் பிடி தளர்ந்துவிடும். தூக்குவதற்கென்றே செய்தது சின்னது. அரை டன்தான். ஆனால் கரண்ட் நின்றாலும் பிடித்த பிடி விடாது. மூட்டையை மேடையில் வைப்பது ஆர்டெல்லின் வேலையாக இருக்கப்போகிறது. கீழே நிற்கப்போவது அவள். வெர்லின் சின்னதையே வாங்குவதாக முடிவு செய்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எல்ராய் பிரெக்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த பண்ணைக்காரர்.

"வின்ச் தேடுறியாமே. டேரினோடது என் கொட்டகையில சும்மா கிடக்கு. எடுத்துக்கயேன்."

மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டேரின் எல்ராயின் ஒரே மகன். பனிக்காலத்தில் யார் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். லாரி முகப்பில் இருந்த வின்ச்சால் இழுத்துவிட்டு, கொடுத்த காசை வாங்காமல் போய்விடுவான். போன ஜனவரியில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் காரை இழுக்க நெடுஞ்சாலை ஓரம் நின்றபோது, பின்னாலிருந்து பனியில் வழுக்கி வந்த வண்டி மோதி இறந்துபோனான். லாரி போயிற்று. வின்ச் மட்டும் கீறல்கூட இல்லாமல் மிஞ்சியது.

"வேண்டாம் எல்ராய், உனக்கே தேவைப்படும்" என்றார் வெர்லின்.

"எனக்கு என்ன தேவை? எடுத்துக்க."

"இல்லப்பா, அவ்வளவு விலை உள்ள சாமானை எப்படி…"

"விலையை யாரு கேட்டா? எடுத்துக்க வெர்லின்."

அந்தப் பக்கத்து நார்வே வம்சாவளிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காப்பியானாலும் டிராக்டரானாலும் முதல்முறை கொடுத்தால் வேண்டாம் என்பார்கள்; இரண்டாம் முறையும் வேண்டாம் என்பார்கள்; மூன்றாம் முறை கையை நீட்டுவார்கள். முதல் இரண்டு மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் முறையும் மறுத்தால் அது முகத்தில் அடித்ததற்குச் சமம். இது தூக்குற வின்ச் இல்லை எல்ராய் என்று சொல்லத்தான் வெர்லின் வாயைத் திறந்தார். அறுபது வருடப் பழக்கம் அவருக்கு முன்னால் பேசிவிட்டது.

"சரி. உனக்குச் சிரமமில்லேன்னா."

எல்ராயின் முகத்தில், அடக்கம் முடிந்த நாளிலிருந்து யாரும் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. சனிக்கிழமை தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்.

காரில் ஏறியதும் ஆர்டெல் ஆரம்பித்தாள். "அந்தப் புத்தகத்தையெல்லாம் அடுப்புல போட்டுடவா?"

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? அது என் தலையில விழுந்தப்புறமா?" பிறகு அவளே மெல்ல, "அவர் முகத்தைப் பார்த்துட்டு நானும்தான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். தனம் போனால் போகட்டும் என்றிருக்கும் வெர்லினுக்கு. ஒவ்வொரு இரவும் படுக்கையோரம் மண்டியிட்டு, உண்மையைச் சொல்ல நல்ல வார்த்தை கொடு ஆண்டவரே என்று கேட்டார். வார்த்தை வரவில்லை. சனிக்கிழமைதான் வந்தது.

எல்ராய் வின்ச்சைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குழந்தையைப்போல் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு லாரி பாட்டரியும். உத்தரத்தில் போல்ட் முடுக்கும்போது நிறையப் பேசினார்.

"டேரின் இதுக்குக் கம்பிவடம் மாத்தினப்போ நான் திட்டினேன். பழசே போதாதாடான்னு. போதாதுப்பா, அறுந்தா யாராவது சாவாங்கன்னான். பாரேன், அவ்வளவு ஜாக்கிரதை."

வெர்லின் ஏணியைப் பிடித்தபடி ஆரம்பித்தார். "எல்ராய், நான் ஒண்ணு சொல்லணும்…"

"அந்த ஸ்பானரை எடு முதல்ல."

எடுத்துக் கொடுத்தார்.

மேடையில் எட்டு மூட்டை வைத்து எல்ராய் பொத்தானை அழுத்தினார். வின்ச் உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எல்ராய் கண்ணை மூடிக்கொண்டார். மேடை சிரமமே இல்லாமல் ஏறிற்று. இறக்கினார். மறுபடி ஏற்றினார், இறக்கினார். சோதித்துப் பார்த்தபிறகும் மூட்டைகளை எடுக்காமல், நிறுத்த மனமில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மேடையைப் பாதி உயரத்தில் நிறுத்தி, "பாத்தியா, எப்படி நிக்குது!" என்றார்.

நிற்கவில்லை. சத்தமில்லாமல், தூக்கம் வருகிறவன் தலை சாய்வதுபோல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. சூடான எண்ணெய் நாற்றம் வந்தது. வெர்லின் வாய் திறப்பதற்குள், காப்பிப் பாத்திரத்தோடு ஆர்டெல் குனிந்து அதன் அடியில் புகுந்து குறுக்கே வந்தாள்.

"ஆர்டெல்! வெளிய வா! வெளிய!"

அவள் துள்ளி விலகினாள். பாத்திரம் கைநழுவியது. மேடை சட்டென்று வழுக்கி, தரையில் மோதி நின்றது. நசுங்கிய பாத்திரத்தின் அடியிலிருந்து காப்பி வைக்கோலில் பரவியது.

ஆடுகள் மிரண்டு கத்தின.

"பாட்டரி சரியில்ல போல" என்றார் எல்ராய். "வேற பாட்டரி போட்டா…"

"பாட்டரி இல்ல எல்ராய்." வெர்லின் அவர் தோளில் கைவைத்தார். "இது இழுக்கிற வின்ச். தூக்கறதுக்குச் செஞ்சதில்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். உன் முகத்துக்கு அஞ்சி சரின்னுட்டேன். தப்பு என்மேலதான், உன்மேலயும் இல்ல, டேரின்மேலயும் இல்ல. ஆனா இதை இங்க வெச்சுக்க முடியாது."

எல்ராய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். ஆர்டெல் காப்பியைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வெர்லின் தயங்கிச் சொன்னார்: "என் லாரியில மாட்டிக்கறேன். பனியில யாராவது சிக்கினா இழுத்து விடலாம். டேரின் செஞ்ச வேலையே…"

"வேண்டாம்!" எல்ராய் அலறியேவிட்டார். பிறகு குரல் இறங்கியது. "ரோட்டுல நிக்காத வெர்லின். அதுக்குத்தானே இங்க கொண்டாந்தேன். இங்க கூரை இருக்கு, நாலு சுவர் இருக்கு. அது ஓடுற சத்தம் கேக்கும், ஆனா யாரும் ரோட்டுல நிக்க வேண்டியதில்ல. அதான். வேற ஒண்ணுமில்ல."

ஆர்டெல் அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலிருப்பதும் ஒரு ஜெபம்தான் என்று வெர்லினுக்குத் தோன்றியது.

அவரும் கொஞ்சம் விலகி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். வின்ச் சூடு ஆறும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு இரண்டு ஆண்களும் போல்ட்டைக் கழற்றினார்கள். நம் வீட்டில் வைத்துவிட்டுப் போ, எப்போது வேண்டுமானாலும் வந்து பார் என்று ஆர்டெல் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் எல்ராய் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அது மறுப்பேதான்.

வெளியே இருட்டத் தொடங்கி, பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. எல்ராய் வின்ச்சைத் தன் லாரியின் பின்பக்கம் போடவில்லை. முன்சீட்டில், தனக்குப் பக்கத்தில் வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் எச்சரிக்கை மணி அடித்தது. சீட்டில் பாரம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அந்த மணி. எல்ராய் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாய்ந்து, பெல்ட்டை இழுத்து, போர்வையைச் சுற்றி மெதுவாக மாட்டினார். மணி நின்றது.

லாரி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்லின், சாவியை எடுத்துக்கொண்டு தன் காருக்கு நொண்டி நடந்தார்.

"முட்டியை வெச்சுக்கிட்டு எங்க போற?" என்றாள் ஆர்டெல்.

"அவன் பின்னாடி."

அபாய விளக்குகளைப் போட்டுக்கொண்டார். எல்ராயின் வாசல்வரை, பின்னால் வரும் எந்த வண்டியும் முதலில் தன்னைப் பார்க்கும்படி, மெதுவாகத் தொடர்ந்து போனார்.