டேப் ஒட்டிய வீடு

ஏரிக்கரை ஊரான வாட்டர்டவுனில் நவம்பர் பிறந்தாலே ஏரிக்காற்று வீட்டுக்குள் வந்துவிடும். டார்லாவின் வீட்டில் அது வாசலைத் தேட வேண்டியதே இல்லை. மகள் கோராவின் அறை ஜன்னலில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு வாரமாக அந்த நான்கு வயதுக் குழந்தை சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில், தரையில் மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. இருமல் நிற்கவில்லை.

கணவன் வேட் ராணுவத்தில் சார்ஜென்ட். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் அவன்தான் அந்த விண்ணப்பத்தை அனுப்பினான். குளிர் புகும் வீடுகளின் இடுக்குகளை அரசாங்கமே தன் செலவில் அடைத்துத் தரும். பட்டாளத்துக் குடும்பம் என்றால் வரிசையில் கொஞ்சம் முன்னால் இடம். இப்போது பதில் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வந்து வீட்டைச் சோதிப்பார்.

சோதிப்பார் என்ற சொல்லைப் படித்ததுமே டார்லா கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கான்சஸில் ராணுவக் குடியிருப்பைக் காலி செய்த அன்று வந்த ஆளும் அப்படித்தான் சோதித்தான். சுவரில் இருந்த ஆணித் துளைகளை ஒன்றுவிடாமல் எழுதினான். பற்பசை வைத்து அடைத்திருந்ததைக்கூட நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்தான். பத்து நாள் கழித்து கணவனை மேலதிகாரி கூப்பிட்டு, நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்.

போதாக்குறைக்கு எதிர்வீட்டு பெர்னிஸ் வேறு. அவள் புருஷனும் இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர்.

"சும்மா குடுக்கறாங்கன்னா நம்பாத கண்ணு. என் நாய்க்கு பிஸ்கட் போடறவன்கூட கை குடுக்கச் சொல்லிட்டுத்தான் போடறான்."

"இந்த வீட்டுல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு பெர்னிஸ்?"

"எழுதி எடுத்துட்டுப் போவாங்க. குளிர்ல புள்ள தரையில கெடக்குதுன்னு ஒருத்தன் எழுதினா அது எங்கெங்க போகும்னு தெரியுமா? புள்ளைங்கள சரியா வெச்சுக்கறாங்களான்னு பாக்க ஒரு ஆபீஸ் இருக்கு. இல்லேன்னா புள்ளையையே எடுத்துட்டுப் போயிடும். வேட் அங்க துப்பாக்கியோட நிப்பான், நீ இங்க பதில் சொல்லிட்டு நிப்ப."

திங்கட்கிழமை முழுக்க டார்லா உட்காரவில்லை. ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி விறைப்பாக இழுத்தாள். சோபாவுக்குப் பின்னால், கதவுச் சட்டங்களில், சுவரும் தரையும் சேரும் இடங்களில் வெள்ளை டேப். குழாய் நுழையும் துளையில் பற்பசை உருண்டை. கடைசியில் மெத்தையைக் கோராவின் கட்டிலுக்கே தூக்கிப்போய், போர்வையைப் பட்டாள முறையில் சுருக்கமில்லாமல் விரித்தாள்.

மறுநாள் காலை கோராவை எதிர்வீட்டில் விட்டுவந்தாள். வந்தவர் பெயர் எமெட் லாரூ. ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே பூட்ஸுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டார். டார்லா அவர் அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டாள்.

"இது நீங்கதானா?"

"நான்தான் மேடம். படத்துல முடி கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் சிரிக்கவில்லை. இப்படிச் சிரிக்கவைத்துத்தான் பேச்சு பிடுங்குவார்கள்.

அவர் வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார்.

"இது எதுக்கு?"

"வீட்டுக் காத்தை வெளிய இழுக்கும். அப்போ ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள வரும். எவ்வளவு வருதுன்னு மிஷின் சொல்லிடும்."

விசிறி மெல்லச் சுற்றியது. மிஷினைப் பார்த்த லாரூ அதை விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"தொண்ணூறு வருஷத்து வீடு. புது வீடு மாதிரி காட்டுதே."

"நல்ல வீடுதான்," என்றாள் டார்லா. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்படின்னா எங்களுக்கு இங்க வேலை இல்ல மேடம். இதை அனுப்பினா பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவாங்க."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. அடைக்க வருகிறவனிடமே அடைத்துக் காட்டியிருக்கிறாள். ஆனால் இதுவும் ஒரு தந்திரமாக இருந்தால்? அவள் வாயாலேயே உண்மையை வரவழைக்கும் வழியாக இருந்தால்?

"இன்னும் கொஞ்சம் வேகம் வெச்சுப் பாக்கறேன்," என்று லாரூ விசிறியைக் கூட்டினார்.

ஜன்னல் பிளாஸ்டிக்கெல்லாம் உள்பக்கமாக உப்பியது. சோபாவுக்குப் பின்னால் ஒரு டேப் பட்டென்று விட்டது. கதவோரம் இன்னொன்று. பற்பசை உருண்டை துளையிலிருந்து கழன்று தரையில் உருண்டது. கோராவின் அறையில் முழுத் தாளும் பிய்த்துக்கொண்டு கட்டில்மேல் விழுந்தது. பிடரியில் குளிர்காற்று ஏறியது.

லாரூ விசிறியை நிறுத்தினார். தொங்கிய டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒட்ட எவ்வளவு நேரமாச்சு?"

"நேத்து முழுக்க."

"எங்க பசங்ககூட இவ்வளவு சுத்தமா ஒட்டமாட்டாங்க."

பாராட்டா நக்கலா என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க எழுதறதை யாரெல்லாம் படிப்பாங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல. அப்புறம் வேலைக்கு வர்ற ஆளுங்க."

"பட்டாளத்துக்குப் போகுமா?"

"போகாது மேடம்."

"வேற ஆபீஸ் எதுக்காவது?"

"போகாது."

"எழுதிக் குடுங்க."

லாரூ பெருமூச்சு விட்டார். ஒரு தாளைக் கிழித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். யாரோ ஒருவனின் கையெழுத்து. அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் குளிர் இன்னும் பிடரியில் இருந்தது. மீதி டேப்பை அவளே உரித்துப் போட்டாள். அவர் மறுபடி அளந்தார். காற்று முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

கோராவின் அறையில் நின்று லாரூ கேட்டார். "இங்க யாரு தூங்கறாங்க?"

விறைப்பாக விரித்த போர்வை. 'எம் பொண்ணுதான்' என்று தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. பேனா தாளின்மேல் காத்திருந்தது.

"யாரும் இல்ல," என்றாள். "என் நாலு வயசுப் பொண்ணு தூங்க வேண்டிய ரூம். ரெண்டு வாரமா கிச்சன் தரையிலதான் தூங்கறா."

லாரூ நிமிராமல் எழுதினார். அவள் சுற்றி வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். நாலு வயதுக் குழந்தை. இந்த அறை முதலில்.

"அதுக்குப் பக்கத்துலயே எப்போ செய்வீங்கன்னு தேதி போடுங்க," என்றாள் டார்லா.